நகம் இல்லாத விரல்

குகை வாசலில் செருப்பைக் கழற்றியதும் அந்த வழிகாட்டி டார்ச்சைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். எரியாது. "மக்கர் பண்ணாதடா கண்ணு" என்று கொஞ்சிவிட்டு மறுபடி தட்டுவார், எரியும். அதன் பிறகுதான் பயணிகளைக் குகைக்குள் விடுவார்.

சக வழிகாட்டிகள் அவருக்கு வைத்த பெயர் 'கட்டைவிரல்'. குள்ளமான ஆள், வாய் மட்டும் ஓயாது. "மேலேருந்து குடைஞ்சுக்கிட்டே வந்திருக்காங்க சார். முதல்ல கூரை, கடைசியிலதான் தரை. சாரம் கட்டுற வேலையே இல்ல, பாத்தீங்களா!" மழைக்காலத்தில் புத்த பிக்குகள் தங்கிய சிற்றறைக்குள் எட்டிப் பார்த்து, "படுக்கையும் கல்லு, தலகாணியும் கல்லு. நாமெல்லாம் ஒரு ராத்திரி படுத்தா, காலைல நாலு பேர் தூக்கித்தான் விடணும்" என்பார். இதெல்லாம் உண்மை. இதோடு நிறுத்தியிருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாள், கூட்டம் கொட்டாவி விட்டது. அவருக்குப் பொறுக்கவில்லை. உள்ளறையில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் புத்தரின் கால் கட்டைவிரலில் வெளிச்சத்தை அடித்து, "இதைத் தேய்ச்சு வேண்டிக்கிட்டா தீராத நோயும் தீரும்" என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார். கொட்டாவி விட்டவர்கள் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மறுவாரமே மற்ற வழிகாட்டிகளும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். வௌவாலுக்கும் வெள்ளத்துக்கும் அத்தனை நூற்றாண்டுகள் ஈடுகொடுத்த விரல், மனிதக் கைகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. சிற்பி செதுக்கிய நகம் போயே போய்விட்டது.

இப்போது யாரும் தொடாதபடி அங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள். அவருடைய டார்ச் புத்தரின் முழங்காலுக்குக் கீழே இறங்குவதில்லை. "கீழ என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல, வாங்க வாங்க" என்று நகர்த்திவிடுவார். மனைவியிடம் மட்டும் ஒரு நாள் புலம்பினார்: "செதுக்கினவன் எதிர்ல வந்து நின்னா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"

"அவன் வரமாட்டான். சாப்பிடுங்க" என்றாள் அவள்.

அவன் வரவில்லை. போன வாரம், குகையைத் திறந்த கையோடு ஒரு பெண் வந்து நின்றாள். அவள் இடுப்பில் சின்ன மகள், தலைமுடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது.

"அண்ணே, முன்னாடி ஒரு தடவ வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க, அந்த விரல்? டாக்டருங்க பிடி கொடுத்தே பேச மாட்டேங்குறாங்க. அதான் பாப்பாவைத் தூக்கிட்டு ஓடி வந்தேன்."

அவர் குழந்தையை வாசற்படியில் உட்காரவைக்கச் சொன்னார். அவளைத் தனியே அழைத்து, "அது நானா கட்டிவிட்ட கதைம்மா. என்னை மன்னிச்சிடு" என்றார்.

அவள் படியில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. வழியெல்லாம் அதே பேச்சா வந்தா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். உள்ளறைக்கு நடந்தார். கயிற்றைத் தூக்கி இருவரையும் உள்ளே விட்டார். டார்ச்சை அணைத்தார். இருட்டில் மண்டியிட்டு, நகமில்லாத அந்த விரலின் மேல் தன் கையைப் பொத்தி வைத்தார்.

தாய் வழிகாட்ட, சின்ன விரல்கள் துழாவி வந்து அவர் புறங்கையைத் தேய்த்தன.

"அம்மா, கல்லு வெதுவெதுன்னு இருக்கு!"

அவர் கையை எடுக்கவில்லை.