பூசணிக்காயை வாங்க மறுத்த அத்தை

ஆயுத பூஜை அன்று, பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு உங்கள் இருவரையும் அம்மாவையும் அழைத்துப் போனேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாப்பா கேட்டாள்: "அந்த அத்தை ஆசீர்வாதம் பண்ணா நல்லது நடக்கும்னு எல்லாரும் சொன்னாங்களே, அப்புறம் ஏன்பா மாட்டேன்னாங்க?"

சுற்றிலும் எங்கள் ஷிப்ட் ஆட்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். நீலசந்திரா வருவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டீர்கள். அப்பா ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். வாயால் சொன்னால் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன்.

அந்த அத்தை ஒரு திருநங்கை. பிறந்தபோது பையன் என்று சொல்லி வளர்த்தார்கள். தான் பெண் என்பது அவருக்குச் சின்ன வயசிலேயே தெரிந்திருக்கிறது. அதை வெளியே சொன்ன பிறகு வீட்டில் அவருக்கு இடமில்லை. பெங்களூர் வந்து ரொம்ப நாள் வேலை கிடைக்காமல், சிக்னலில் கை தட்டி, கேட்டவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்து பிழைத்திருக்கிறார். உங்களுக்கு எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "இவ்வளவு சொல்லலாம்ணா, போதும்" என்றார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

இப்போது அவர் பிளாஸ்டிக் பாட்டில் மூடி அடிக்கும் மிஷினில் ஆப்பரேட்டர். என் மிஷினுக்குப் பக்கத்து மிஷின்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பூஜை அன்று அவரவர் மிஷினை அவரவர்தான் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டும்வரை இன்னொருவர் கை அதில் படக்கூடாது. அத்தைக்கு அது முதல் பூஜை. மல்லிகைச் சரம் வாங்கி வந்திருந்தார். மிஷின் கதவின் கண்ணாடியைத் துடைத்தார், தள்ளி நின்று பார்த்தார், மறுபடியும் துடைத்தார்.

அப்போதுதான் சூப்பர்வைசர் பூசணிக்காயோடு வந்தார். மேலே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எல்லா மிஷினுக்கும் சுற்றிவிட்டு வாசலில் உடைக்க வேண்டிய காய். எப்போதும் வாட்ச்மேன்தான் செய்வார்.

"அக்கா, இந்த வருஷம் நீங்க சுத்துங்க. உங்க கை பட்டா வருஷம் பூரா பிரேக்டவுனே இருக்காது."

"வேணாம் சார். நான் ஆப்பரேட்டர்."

"ஆப்பரேட்டர்தான், யார் இல்லேன்னா? ஒந்து ரவுண்டு, அஷ்டே!" என்று, ஒரே ஒரு சுற்றுதான் என்பதைத் தன் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். "அப்படியே எங்க எல்லாருக்கும் ஒரு ஆசீர்வாதம்."

"நான் ஆப்பரேட்டர் சார். என் மிஷினுக்கு நான் பொட்டு வெச்சுக்கிறேன்."

பின்னாலிருந்து ஒருத்தன், "ரொம்பத்தான் பிகு! சிக்னல்ல மட்டும் பத்து ரூபாய்க்குப் பண்ணல?" என்றான். சிலர் சிரித்தார்கள். பேக்கிங்கில் இருக்கும் அம்மா ஒருவர், "மரியாதையாத்தானே கூப்பிடுறாங்க, போம்மா" என்றார். இன்னும் சிலர் நிஜமாகவே கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள்.

பாப்பா, நீ பார்த்துக் குழம்பியது அந்தக் கூப்பிய கைகளைத்தான். அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எதை விட்டு வெளியே வர அவர் அவ்வளவு பாடுபட்டாரோ, அதற்குள்ளேயே அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். ஒருவரைக் கும்பிட்டுக்கொண்டே தள்ளி நிறுத்த முடியும். அங்கே அதுதான் நடந்தது.

அத்தை மூன்றாவது முறையும் "ஆப்பரேட்டர்" என்றார். சூப்பர்வைசர் முகம் மாறிவிட்டது. "பூஜை அன்னைக்கு இப்படி இல்லேன்னு சொல்லலாமா? அபசகுனம் இல்லையா?" என்றார்.

நான் சொன்னேன்: "சார், ஆப்பரேட்டர்னு சொல்றாங்க இல்ல, விடுங்க. வாட்ச்மேனைக் கூப்பிடுங்க."

"சரி சரி" என்று அவர் போய்விட்டார். அவ்வளவுதான். அத்தை சொன்ன அதே வார்த்தை, என் வாயிலிருந்து வந்ததும் காதில் விழுந்துவிட்டது. நான் அப்படி ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ஆண்பிள்ளை, பக்கத்தில் பெண்டாட்டி பிள்ளைகள். நான் யார் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பாத்ரூம் பக்கம் போனால் யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் நான் உழைத்துச் சம்பாதிக்கவில்லை, சும்மா வந்தது. சும்மா வந்ததால்தான் என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

அத்தை மிஷினுக்குப் பொட்டு வைத்து முடித்துவிட்டு, "தேங்க்ஸ்ணா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான் மூணு வாட்டி சொன்னேண்ணா" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. லீவு முடிந்து போனால், கடைசி வரிசையில் ஒரு மிஷின் நின்றுபோயிருந்தது. ஹீட்டர் வயர் எரிந்துவிட்டது, பழசு என்று ஃபிட்டர் சொன்னார். கேன்டீனில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அத்தை அங்கே இல்லை.

"பூசணிக்காயை வேணாம்னாங்க இல்ல, அதான்" என்றான் ஒருத்தன்.

"வயர் எரிஞ்சதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றேன்.

"உனக்கு ஏன்யா இவ்வளவு வலிக்குது? யாரு, உன் தங்கச்சியா?"

"பக்கத்து மிஷின்" என்றேன். சிரித்தார்கள். அத்தையோடு என்னையும் சேர்த்துத்தான்.

மதியம் சூப்பர்வைசர் அத்தையைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு மிஷினை விட்டு பேக்கிங்குக்குப் போகச் சொன்னார். அத்தை என்னிடம் வந்து, "அண்ணா, கூட வாங்க. ஆனா பேசாதீங்க" என்றார். போனேன். நான் ஏதாவது சொல்வேன் என்று சூப்பர்வைசர் என் முகத்தையே பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவரும் அத்தை பக்கம் திரும்பினார்.

"சார், என் மிஷின் ஓடுது. ரிஜெக்ட் ஆகிற மூடியும் கம்மி. நின்னது வேற மிஷின். என்னை எதுக்கு மாத்துறீங்க?"

சூப்பர்வைசர் மறுபடியும் என் பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கடைசியில், "போங்க, போய் ஓட்டுங்க" என்றார்.

இப்போதைக்கு அத்தை மிஷினில்தான் இருக்கிறார். கேன்டீனில் அவர் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் இன்னும் உட்காருவதில்லை. நான் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

அடுத்த வருஷம் பூஜைக்கு வரும்போது அவரிடம் ஆசீர்வாதம் கேட்காதீர்கள். மூடி எப்படி அடிக்கிறீர்கள் அத்தை என்று கேளுங்கள். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.