சபைக் காலண்டர் அடித்த ஞாயிறு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டபின் நான் பார்க்காத வேலை குறைவு. அச்சங்குளத்தில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டினேன், கேரளாவில் புரோட்டா போட்டேன், லாரியில் கிளீனராகச் சுற்றினேன். எங்கேயும் நிலைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் சேர்ந்தேன். காலண்டரின் மேல்விளிம்பில் தகரப்பட்டையை வைத்து மெஷினில் அழுத்துவது என் வேலை. கை கொஞ்சம் பிசகினால் நகம் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

சேரும்போதே முதலாளியிடம் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன், சபைக்குப் போகவேண்டும் என்று. சீசனில் ஞாயிறும் மெஷின் ஓடும். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். யோசித்துவிட்டு, "சாமி காரியம், சரிப்பா. அன்னைக்கு வேற ஆள நிப்பாட்டிக்கிறேன்" என்றார். சொன்ன சொல்லை மீறவில்லை. சாமிக்குப் படைத்ததை நாங்கள் தின்னமாட்டோம் என்று, ஆயுதபூஜையில் படைப்பதற்கு முன்பே எனக்கான பொரியைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார்.

கூட வேலை பார்த்தவர்கள்தான் சும்மா விடமாட்டார்கள். "ஏலே, எங்க சாமி என்னைக்குப் போனாலும் பாக்கும். ஒங்க சாமி ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் கடை தொறக்குமோ?" நானும் சிரிப்பேன். வாரத்தில் யாருக்கும் கூலியாளாக இல்லாமல் நான் உட்கார்ந்திருந்தது சபையில் இருந்த அந்த நேரம் மட்டுந்தான்.

போன சீசனில் எங்கள் சபை பாஸ்டர் புத்தாண்டுக் காலண்டர் ஆர்டரை எங்கள் அச்சகத்துக்கே கொண்டுவந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. வசனத்தைவிட அவரும் அவர் மனைவியும் நிற்கும் படம் பெரிதாகத் தெரியவேண்டும் என்று டிசைனைத் திரும்பத் திரும்ப மாற்றினார். அதற்குள் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது.

முதலாளி என்னை வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைதாங்க தகர மெஷின் காலி. அன்னைக்கு நிக்கிற பய திருப்பூருக்குப் போயிட்டான். ஒங்க சபை ஆளும் வரமாட்டான். அது நான் குடுத்த வாக்கு."

பாஸ்டர் சிரித்தார். "நான் சொன்னா வருவாரு. ஆண்டவருடைய வேலைதானே? இதுவும் ஆராதனைதான் பிரதர்" என்று என் தோளில் தட்டினார். முதலாளி என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

அந்த ஞாயிறு முழுக்க பாஸ்டர் தலைக்குமேல் தகரம் அழுத்தினேன். ஆராதனை முடிந்த கையோடு அவர் போன் செய்து, லோடு எப்போது வரும் என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். நகைக்கடைக் காலண்டர் லோடு முடியாமல் நிற்கிறது, நாளைக்கு வா என்றார். நான் தயங்கினேன்.

"பாஸ்டருக்குன்னா வர்ற. எனக்குன்னா வரமாட்டியோ? அப்ப சாமி காரியம்னு சொன்னதெல்லாம் என்னப்பா?"

சாயங்காலமே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் சொல்லித்தானே போன ஞாயிறு வேலைக்குப் போனேன், முதலாளியிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள் என்றேன். பாஸ்டர் மறுநாள் பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "முதலாளிக்குக் கீழ்ப்படியணும்னுதான் வேதம் சொல்லுது. போங்க பிரதர், ஜெபிக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போகச் சொன்னாக."

"நல்லாருக்கு" என்றாள்.

மறுநாள் அவள் மட்டும் சபைக்குப் போனாள். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. மெஷினில் போய் நிற்கவும் மனம் இல்லை. கண்மாய்க் கரையில் பொழுதைப் போக்கினேன்.

திங்கள்கிழமை என் மெஷினில் புது ஆள் நின்றார். முதலாளி, "சபைக்குப் போனியா?" என்று மட்டும் கேட்டார்.

"போகலங்க."

"போயிருந்தாக்கூட நான் பேசாம இருந்திருப்பேன். அங்கனயும் போகல, இங்கனயும் வரல. இனி என்னத்த நம்பி ஒன்னைய வச்சுக்கிறது? வேற எடம் பாத்துக்கப்பா."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். முதலாளிமேல் கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.