அளவு ஜாக்கெட்

என் பீரோவில் அரக்கு நிறத்தில் ஒரு ஜாக்கெட் இருக்கிறது. அதை நான் போட்டுக்கொள்வதில்லை. எந்தத் தையல் கடைக்குப் போனாலும் "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீகளா?" என்றுதானே முதலில் கேட்கிறார்கள், அப்போது எடுத்து நீட்டுவதற்காக வைத்திருக்கிறேன். போன மாதம் அதில் ஒரு கொக்கி அறுந்துபோனது. அதைத் தைத்துக் கொடுத்தவர் அத்தை. ஜாக்கெட்டைத் தைத்தவர் அவருடைய கணவர், என் அம்மாவின் தம்பி, என் மாமா.

தெற்குவாசல் பக்கத்துச் சந்தில் மாமாவுக்கு லேடீஸ் டெய்லர் கடை. மாமா தைப்பார், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி கட்டுவார். மாமா கழுத்தில் டேப் தொங்கினாலும் அது அழகுக்குத்தான் என்று நாங்கள் கேலி செய்வோம். "டேப்பு உடம்பத்தேன் அளக்கும். அவுக எப்பிடி நிக்கிறாக, கைய எம்புட்டுத் தூக்குறாகன்னு பழைய ஜாக்கெட்டத்தேன் கேக்கணும்" என்பார். வாய் சும்மா இருக்காது. ஒத்தக்கடையில் குடியேறி, கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகு நான் கொஞ்சம் சதை போட்டேன். "வாத்தியாரம்மா, இந்தத் தடவ துணிய ஒரு முழம் கூட எடுத்தாந்திருக்கலாம்" என்று கடையில் நாலு பேர் முன்னால் சொல்லி மானத்தை வாங்கினார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

ஒரு வைகாசியில் அவர் கண் மஞ்சளானது. காமாலை என்று அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார், உப்பைக் குறைத்தார், எண்ணெய்ச் சட்டியை எடுத்து மேலே வைத்தார். மஞ்சள் போகவில்லை. ஸ்கேனில் கணையத்தில் கட்டி என்று வந்தது. வெட்டி எடுக்கிற நிலையில் இருப்பதே பெரிய அதிர்ஷ்டம், பலருக்கு அதற்குள் பரவிவிடும் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்கடுத்த மருந்துகளை வேறொரு மருத்துவமனையில் ஏற்ற வேண்டியிருந்ததால், எடுத்த கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். புது டாக்டர் பார்த்துவிட்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தந்தார். அந்த டப்பா அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது.

அந்த நாட்களில்தான் கணையப் புற்றுக்கான புதிய தடுப்பூசி ஆராய்ச்சியைப் பற்றி நான் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் கடையில் வைத்து மாமாவுக்குச் சொன்னேன். வெட்டி எடுத்த கட்டியைப் படித்து, அது நல்ல அணுக்களிலிருந்து எங்கெங்கே மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த அடையாளங்களை எம்ஆர்என்ஏ என்கிற செய்தியாக எழுதி ஊசியில் ஏற்றுவார்கள். உடம்பின் காவல் அணுக்கள் அதைப் படித்துக்கொண்டு, ஒளிந்திருக்கும் மிச்சப் புற்றணுக்களைத் தேடிப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. ஒருவருக்குச் செய்த ஊசி இன்னொருவருக்கு ஆகாது. மாமா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப ரெடிமேடு இல்ல. அளவு ஜாக்கெட்ட வாங்கி வச்சுத் தைக்கிறது."

"ஆமா மாமா. உங்க கட்டிதான் அளவு ஜாக்கெட்."

"ஊரு பூரா அளவு கேட்டு வாங்குனேன். இப்ப என்கிட்டயே கேக்குறாகளா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தையல் இன்னும் வலித்தது போல.

வெளிநாட்டில் அந்த ஊசிக்கான சோதனையை நடத்தும் ஒரு மருத்துவமனைக்கு எழுதினேன். உறுதி எதுவும் சொல்லவில்லை, ஆனால் கட்டியின் திசு கைவசம் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வந்தது. அன்று கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு ஓடினேன். அத்தை கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அந்த டப்பா எங்கே என்று மாமாவிடம் கேட்டேன்.

"அது சோழவந்தானுக்குப் போயிருச்சு தாயி."

சோழவந்தான் அத்தையின் பிறந்த ஊர். புருஷனைத் தின்னப் பார்த்த கட்டி, மெழுகோ என்னவோ, வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று அத்தைக்கு நாளாக ஆக உறுத்தியிருக்கிறது. ஓர் அமாவாசை காலையில் அதை மஞ்சள் துணியில் முடிந்து, எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் சேர்த்துக் கட்டி, பஸ் ஏறிப்போய் வைகையில் விட்டுவிட்டார். திருஷ்டி கழித்ததை விட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது, அதனால் திரும்பிப் பார்க்காமல் வந்து தலைக்குக் குளித்திருக்கிறார். அணை திறந்த சமயம். நாம் தண்ணீர் வேண்டும் என்று காத்துக்கிடக்கும்போதெல்லாம் காய்ந்து கிடக்கும் அந்த ஆற்றில் அன்றைக்கென்று வெள்ளம் ஓடியிருக்கிறது.

"அறிவு இருக்கா அத்தைக்கு? நீங்களாவது தடுக்கக்கூடாதா?" என்று கத்தினேன். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டேன். எல்லாத் துண்டுகளையும் கொடுத்துவிட்டோம், எங்களிடம் எதுவும் இல்லை என்றார்கள். நான் அழுது முடிக்கும்வரை மாமா கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வந்துதேன் அவ நல்லாத் தூங்குனா. எனக்காகத்தான தூக்கிட்டுப் போனா? இத அவகிட்ட சொல்லிப்புடாத. நான் இல்லாமப் போனாலும் சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன். அந்த வாரமே என்னுடைய பழைய ஜாக்கெட் ஒன்றை வாங்கி வைத்து இந்த அரக்கு ஜாக்கெட்டைத் தைத்துத் தந்தார். "இனி எவன்கிட்டப் போனாலும் இதக் குடு. வாய் பேசாம சரியாத் தைப்பான்" என்றார். நோய் திரும்பி வந்தது. அடுத்த பொங்கலுக்கு மாமா இல்லை.

போன மாதம் அத்தை ஒத்தக்கடைக்கு வந்திருந்தார். கொக்கி அறுந்ததைச் சொன்னதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தார். தைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"போன்ல ஒண்ணு பாத்தேன். வெட்டி எடுத்த கட்டிய வச்சே கணையத்துக்கு ஊசி செய்றாகளாம்ல?"

நான் அவசரமாகச் சொன்னேன். "அது வேற மாதிரி கட்டிக்கு அத்தை. மாமாவுக்கு வந்ததுக்கு இல்ல."

அத்தை நூலைப் பல்லால் கடித்தார்.

"உங்க மாமாவும் இதையேதேன் சொன்னாக. நீ கத்துன அன்னைக்கு நான் காய்கறிப் பையோட கடை வாசல்லதேன் நின்னேன் தாயி. மறுநா ஒண்ணும் தெரியாத மாதிரி அவுகளக் கேட்டேன். அது வேற கட்டிக்குன்னாக. நானும் நம்புன மாதிரி இருந்துட்டேன். நான் அழுதா அவுக தாங்க மாட்டாக."

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த டப்பா இருந்திருந்தாலும் அவர்கள் மாமாவைச் சேர்த்திருப்பார்கள் என்று நிச்சயமில்லை, சேர்த்தாலும் ஊசி கேட்டிருக்கும் என்று நிச்சயமில்லை, அது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அத்தனையும் உண்மை. அத்தை என் முகத்தையே பார்த்தார்.

"இதுவும் அவுக சொல்லச் சொன்னதா?"

"இல்ல அத்தை. சத்தியமா, இது நான் படிச்சது."

அத்தை என் தலையைத் தடவினார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு கொக்கியை இழுத்துப் பார்த்தார், ஜாக்கெட்டை நாலாக மடித்தார், என் மடியில் வைத்தார்.

"இந்த அளவயாச்சும் தொலைக்காம வச்சுக்க, தாயி."