வீட்டைப் பள்ளம் என்று சொன்ன கம்ப்யூட்டர்

மூன்று வாரத்துக்கு முன் நான் ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் இல்லை, மூன்றே சொற்கள். அதை உங்களிடமும் மறைத்து, போன இரண்டு வாரமும் இந்தப் பக்கத்தில் முட்டைக்கோஸையும் மழையையும் பற்றி எழுதி ஒப்பேற்றினேன். 'வாத்தியாருக்கு என்ன, சரக்கு தீர்ந்துபோச்சா?' என்று வாசகர் ஒருவர் கடிதமே போட்டுவிட்டார். சரக்கு தீரவில்லை ஐயா... சொல்லக் கூச்சமாக இருந்தது.

இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், ஆற்றை ஒட்டி, தனம்மா என்று ஓர் அம்மா இருக்கிறார். இருபது வருஷத்துக்கும் மேலாகக் கொழுந்து எடுத்தவர். கணவர் உயிரோடு இருந்தபோதே இருவரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறி, பலகையும் தகரமும் வைத்து அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். இப்போது தனம்மா வீட்டைச் சுற்றிச் செவ்வந்தி போட்டிருக்கிறார். கோலா தெர்லாவிலிருந்து வரும் லோரியில் பூ ஏற்றி அனுப்புகிறார். அவருடைய மகள்கள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். அதனால் அந்த வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் நேராக என் மேசைக்கு வந்துவிடும்.

அன்று வந்தது கொஞ்சம் முரட்டுக் காகிதம். ஆற்றோரத்தில் குடியிருக்கப் பழைய குடிகளுக்கு மட்டும்தான் லைசென்ஸ் உண்டாம். எழுபதுகளில் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் வீடு இருந்தால் தங்கலாம். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். தனம்மாவின் இடத்தில், படத்தின்படி, வீடு இல்லை. இருந்தது ஒரு பள்ளம்!

"பள்ளமா? எந்தப் பள்ளம் சார்? ரெண்டாவது புள்ள அந்த வீட்டுலதான் பொறந்துச்சு. பள்ளத்துக்குள்ள எறங்கியா பெத்தேன்?"

நியாயமான கேள்வி. மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, இருவரும் தானா ராத்தா பட்டணத்துக்குப் பஸ் ஏறினோம்.

காகிதத்தை அனுப்பிய அலுவலகத்தில் சுகுமாரன் என்ற இளம் அதிகாரி இருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எழுந்து நின்று நாற்காலி காட்டினார். மரியாதை தெரிந்த பிள்ளை.

"சார், இது யாரும் குத்துமதிப்பா எழுதுனது இல்ல. கம்ப்யூட்டர் பார்த்துச் சொன்னது."

கம்ப்யூட்டர் பார்த்ததா? அதற்குக் கண் எப்போது முளைத்தது? கணக்குப் போடும், மின்சார பில் அடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்க்கும் என்று யாரும் சொல்லவில்லையே!

என் முகத்தைப் பார்த்து அவரே விளக்க ஆரம்பித்தார். விமானம் பறந்துகொண்டே அடுத்தடுத்துப் படம் எடுக்கிறது. ஒரே இடம் இரண்டு படங்களில் விழுகிறது, கொஞ்சம் தள்ளித் தள்ளி.

"ஒரு விரலக் கண்ணுக்கு முன்னால வைங்க சார். ஒரு கண்ண மூடிப் பாருங்க. அப்புறம் மத்தக் கண்ண மூடிப் பாருங்க. விரல் நகருதுலா? கிட்ட இருக்கறது ரொம்ப நகரும், தூரத்துல இருக்கறது கொஞ்சமா நகரும். அதே மாதிரி ரெண்டு படத்துலயும் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகந்திருக்குன்னு கம்ப்யூட்டர் அளக்கும். அத வச்சு எது மேடு, எது பள்ளம்னு கண்டுபிடிக்கும். நாலு மூலை, நேர்க்கோடு, தரைக்கு மேல எழும்பியிருந்தா வீடு. கீழ எறங்கியிருந்தா பள்ளம். அவ்வளவுதான்லா."

அவ்வளவுதானா? நானும் விரலை வைத்துப் பார்த்தேன். வலது கண்ணை மூடியபோது விரல் நகரவில்லை. விரலையே காணோம்! பிறந்ததிலிருந்தே என் இடது கண் ஒப்புக்குச் சப்பாணி. கூடவே இருக்கும், வேலை செய்யாது. அதனால் இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. சுகுமாரனிடமும் சொல்லவில்லை. பலமாகத் தலையாட்டினேன்.

"கம்ப்யூட்டர் வேலை இன்னும் சோதனையிலதான் இருக்கு சார். அதனால நானும் ஒரு தடவ என் கண்ணால சரிபார்த்தேன். பள்ளம்தான். நீங்களும் பாருங்களேன். நீங்க எடுத்துச் சொன்னா அம்மாவும் ஏத்துக்குவாங்க."

மேசைமேல் ஒரு கருவி இருந்தது. சின்னக் கால்கள்மேல் இரண்டு கண்ணாடி வில்லைகள், அதன் அடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மலை மலையாக எழும்பும், குழி குழியாக இறங்கும் என்றார்.

குனிந்தேன். என்ன தெரிந்தது? கறுப்பு வெள்ளையில் ஒரு படம். சீப்பு வைத்து வாரியதுபோல் தேயிலை வரிசைகள், வளைந்து போகும் ஒரு கறுப்புக் கோடு, அதன் பக்கத்தில் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு கட்டம். எல்லாம் ரொட்டிச் சானாய் மாதிரித் தட்டையாகக் கிடந்தன. எதுவும் எழும்பவில்லை, எதுவும் இறங்கவில்லை.

"தெரியுதா சார்? அந்தக் கட்டம் அப்படியே உள்ள எறங்குதுல்ல?"

நீங்களே சொல்லுங்கள். எதிரே என் மாணவன் வயதில் ஓர் அதிகாரி. பக்கத்தில், சாருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பி வந்திருக்கும் ஒரு தாய். தலைமையாசிரியன் நான்... 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை தம்பி' என்று எப்படிச் சொல்வது?

"ஆமா, நல்லாத் தெரியுது," என்றேன்.

"பள்ளமா சார்?" என்றார் தனம்மா.

"அப்படித்தான்... இருக்கு."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுகுமாரன் ஒரு தாளை எடுத்து, 'விளக்கிச் சொல்லப்பட்டது' என்ற வரிக்குக் கீழே விரலை வைத்து, தனம்மாவிடம் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஒரு மாதத்தில் தகரத்தைக் கழற்ற வேண்டியதுதான். அதைத் தடுக்க வேண்டிய நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெட்கம் கெட்டவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், வாயைத் திறக்காமல்.

தனம்மா பேனாவை வாங்கவில்லை.

"தம்பி, நானும் ஒருக்கா பாக்கலாமா?"

"தாராளமா பாருங்கம்மா."

குனிந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... நிமிரவே இல்லை. கழுத்து மட்டும் லேசாக இப்படியும் அப்படியும் அசைந்தது.

"தம்பி, இது எங்க தோட்டம்தானா?"

"அதேதாம்மா. நம்பர் எல்லாம் சரியா இருக்கு."

"இந்தா இது பெரிய பாற. இது எல லோரி நிக்கிற எடம். சரிதான். ஆனா தண்ணி என்னா தம்பி, மலை மேல ஓடுது?"

"எந்தத் தண்ணி?"

"இந்தக் கறுப்புக் கோடு. இதுதான ஆறு?"

சுகுமாரன் சற்றுத் தடுமாறினார். "நான் அத ரோடுன்னு நெனச்சேன்..."

"ரோடு அந்தப் பக்கம்லா. ஆத்தங்கரையில எல எடுத்துட்டு, கூடையத் தூக்கிக்கிட்டு மேல ரோட்டுக்கு ஏறணும். கழுத்து ஒடிஞ்சிரும் தம்பி, அப்பிடி ஏத்தம். எத்தன வருசம் ஏறியிருக்கேன்! உங்க படத்துல ரோட்டுல இருந்து ஆத்துக்கு ஏற வேண்டியிருக்கு. எல்லாம் தலகீழா இருக்கு."

சுகுமாரன் இரண்டு படங்களையும் உருவிப் பின்பக்கம் திருப்பினார். பென்சிலில் எழுதியிருந்த குறியைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இடத வலதுன்னு எழுதி வச்சிருக்காங்க சார். இதே வரிசையிலதான் கம்ப்யூட்டருக்கும் குடுத்திருக்கோம்."

படங்களை இடம் மாற்றி வைத்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகுமாம். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. கொடுத்ததை அளக்கும், வந்ததைச் சொல்லும். அந்த ஜோடிப் படத்தில் இருந்த வீடு தனம்மாவுடையது மட்டும்தான், மற்றதெல்லாம் தேயிலையும் காடும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வீடு இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சுகுமாரன் படங்களை மாற்றி வைத்துக் குனிந்தார்.

"எழும்பிருச்சு சார்! கூரைகூட நல்லாத் தெரியுது. பக்கத்துல சின்னதா இன்னொண்ணும் இருக்கு... அது என்னன்னு தெரியல."

"அது கோழிக் கொட்டாய்," என்றார் தனம்மா.

அந்த 'விளக்கிச் சொல்லப்பட்டது' தாளைச் சுகுமாரன் நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். புது அறிக்கை தானே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பியவர், என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கம்ப்யூட்டருக்கு ரெண்டு கண்ணு குடுத்துட்டோம் சார். தண்ணி மேட்டுல ஓடாதுன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது? அதுதான் பெரிய பாடா இருக்கு."

அன்றிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் எப்படிப் படி ஏறினேன்? கோப்பைக்கு வெளியே சிந்தாமல் எப்படித் தேநீர் ஊற்றுகிறேன்? கோப்பை குழிவானது என்பது எனக்குக் கண்ணால் தெரிகிறதா, அல்லது அது கோப்பை என்பதால் தெரிகிறதா? சமையலறையில் அண்டாவையும் குண்டாவையும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னாச்சு உங்களுக்கு?" என்று என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. விடையும் இல்லை.

கம்ப்யூட்டரிடம் இரண்டு கண் இருந்தது. சுகுமாரனிடம் இரண்டு கண்ணும் பட்டமும் இருந்தன. என்னிடம் ஒற்றைக் கண்ணும் பதவியும். மூவரும் பள்ளம் என்றோம். அதில் கம்ப்யூட்டரும் சுகுமாரனுமாவது தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்...

நேற்று அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளி முடிந்ததும் எடுத்துக்கொண்டு ஆற்றோரத்துக்கு நடந்தேன். தனம்மா வாசலில் உட்கார்ந்து செவ்வந்தியைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். வீடு இருக்கலாம், லைசென்ஸ் உண்டு என்று படித்துச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குமேல் தாங்காது என்று சொல்லிவிட்டேன். "தனம்மா, அன்னைக்கு அந்தக் கண்ணாடியில எனக்குப் பள்ளமும் தெரியல, மேடும் தெரியல. சும்மா சொன்னேன்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த கட்டுக்குப் பூவை எடுத்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியும் சார். அதனாலதான் நானே குனிஞ்சு பாத்தேன்."