பரோலோவும் மட்டன் சுக்காவும்

ஜெர்மனியில், எர்லாங்கன் நகரத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் இத்தாலியர் இருந்தார். வட இத்தாலியில் மலைப்பக்கத்து ஊர். கொத்தனார் வேலைக்கென்று இளவயதில் ஜெர்மனி வந்தவர், மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். அவருடைய ஜெர்மனும் என் மனைவியின் ஜெர்மனும் ஒரே அளவுக்கு ஓட்டை என்பதால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. நான் சைக்கிளில் ஆபீஸ் கிளம்பியபிறகு மாடிப்படியில் நின்று சமையல் பேசுவார்கள்.

எங்கள் முதல் கல்யாண நாளுக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். கோட் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டிலைக் கைக்குழந்தைபோல அணைத்தபடி வந்தார். பரோலோ. அவர் ஊர்ப்பக்கத்துத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின்; பத்து வருஷமாகத் திறக்காமல் வைத்திருந்தாராம்.

மனைவி மதுரைக் காரத்தில் மட்டன் சுக்கா செய்திருந்தாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு மடக்கு குடித்தார். முகம் சிவந்து கண்ணில் நீர் கொட்டியது. நானும் குடித்துப் பார்த்தேன். ஒயினின் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்து நாக்கைப் பொசுக்கியது.

"ஐயோ, உங்க பாட்டிலை வீணாக்கிட்டேனே," என்று தயிரை நீட்டினாள் மனைவி.

"சமையல் பிரமாதம். ஒயினும் பிரமாதம். ரெண்டையும் சேர்த்துவச்ச நான்தான் முட்டாள்," என்றார். மிச்ச ஒயினை மூடி எங்களிடமே விட்டுப் போனார்.

மறுநாள் மனைவி மிளகாயைத் தொடவே இல்லை. ஆட்டுத்தொடையைச் சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் மிளகோடு மூன்று மணி நேரம் சிம்மில் வேகவைத்தாள். "ஏங்க, அவரைக் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

ஒரு நாள் காற்றுப்பட்டதில் ஒயினும் சாந்தமாகியிருந்தது. கறியின் கொழுப்பில் அதன் துவர்ப்பு அடங்கி, உலர்ந்த ரோஜா மாதிரி ஒரு வாசம் எழுந்தது. அவர் மெதுவாகச் சாப்பிட்டார்.

"என் மனைவி போனபிறகு இந்த ஒயினுக்குன்னு யாரும் சமைச்சதில்லை," என்றார்.

என் மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் கதவைத் தட்டி ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னிக்கு மிளகாயா, மிளகா?" மிளகென்றால் அவர் ஊர்ப்பக்கத்து இன்னொரு சிவப்பு ஒயினான பர்பெராவோடு வருவார். மிளகாயென்றால் குளிரவைத்த லம்புருஸ்கோ; நுரைக்கும், லேசாக இனிக்கும் சிவப்பு ஒயின். காரத்தோடு அது சண்டைக்குப் போகாது. ஒயின் பக்கமே போகாத என் மனைவி ஒரு கோடையில் அதை ஒரு வாய் சுவைத்துவிட்டு, "பன்னீர் சோடா மாதிரி இருக்கே!" என்றாள்.

பன்னீர் சோடா என்றால் என்னவென்று அவருக்கு ஜெர்மனில் விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.