ரசலையனுக்கு வேண்டிய ஆறு எண்கள்

அடாப்டரின் வாயில் இரண்டு தடவை ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கிறார் ரசலையன். எறும்புச் சோதனை. மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரியின் காரில் எறும்பு ஏறாமல் வேறென்ன ஏறும்? “உறும்பு வெந்தா பாவம், மெஷினு வெந்தா செலவு” என்பார்.

மூன்று கை மாறி வந்த பழைய எலெக்ட்ரிக் கார் அவருடையது. தக்கலைச் சாலையில் இருக்கும் சார்ஜ் நிலையமோ வேறொரு கம்பெனியுடையது. அதன் முனை இவர் காருக்குள் நுழையாது. “ரெண்டு வீடும் சேராட்டா நடுவுல ஒரு ஆளு வேணும்லா” என்று அடாப்டரைத் தட்டிக்கொடுப்பார்.

அந்தக் கம்பெனி கார்களுக்குச் சொருகியதும் சார்ஜ் ஏறும். என் கார் அப்படித்தான். அடாப்டரோடு வருகிறவர்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் மெஷினில் ஓடிபி அடிக்க வேண்டும். ரசலையனின் ஓடிபி அவருக்கு வராது, அக்கா சத்தியபாய்க்குத்தான் வரும். கார் வாங்கிய புதிதில் இவரிடம் ஆப் ஏறாத பட்டன் போன்தான் இருந்ததால், ரிட்டயர்டு டீச்சரான அக்கா தன் நம்பரையே பதிந்து கொடுத்துவிட்டார்.

அந்த அக்கா தம்பியோடு பேசி ஐந்து மாதமாகிறது. சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்தது வினை. காணிக்கையாக வைத்த தன் வீட்டு மட்டி வாழைக்குலையைத் தானே ஏலத்தில் எடுக்க நினைத்திருந்தார் அக்கா. தம்பி விளையாட்டாக விலையை ஏற்றினார். சபைக்குத்தானே போகிறதென்று ஏற்றிக்கொண்டே போனார். எல்லாரும் சிரிக்க, அக்கா எழுந்து போய்விட்டார். குலை தம்பி தலையில் விழுந்தது.

“திங்க மனசு வரல்ல. கொண்டு போனா கதவத் தொறக்கல்ல. அழுவிப் போச்சு” என்கிறார். சொல்லும்போது முகம் சுருங்கிவிடுகிறது.

ஆனால் ஓடிபி கேட்டால் மட்டும் அக்கா சொல்லிவிடுவார். ஆறு எண்கள், உடனே கட். “வாரத்துல ரெண்டு நாளு அவ கொரலு கேக்கேன், அது போரும்” என்று இவரும் திருப்தியாகத்தான் இருக்கிறார்.

போன சனிக்கிழமை, நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்மைலின் நல்ல சேதியோடு வந்தாள். “மாமா, இப்ப நம்பர மாத்திரலாம். இனி ஆரையும் விளிக்காண்டாம்.”

“நல்லதாக்கும் மக்கா. அடுத்த மாசம் பாப்போம்.”

அவள் போனதும் என் பக்கம் திரும்பினார். “மாத்தினா அவ என்கிட்ட என்னத்துக்குப் பேசுவா?”

பிறகு அக்காவுக்குப் போன் போட்டார். சத்தம் எனக்கும் கேட்டது. “ஏழு, ரெண்டு, நாலு, நாலு, ஒண்ணு, ஒம்பது.” கேட்கக் கேட்கவே அடித்துவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறத் தொடங்கியது.

“அக்கா, வச்சிராத. கடைசி ரெண்டும் விளங்கல்ல. ஒருக்கா கூட, பையச் சொல்லு.”

அக்கா முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். சார்ஜ் ஏற்றுகிற மெஷினின் இரைச்சல் அவருக்குக் கேட்டுவிடாதபடி போனைக் கையால் பொத்திக்கொண்டு, ரசலையன் வேகமாகச் சாலைப் பக்கம் நடந்தார்.