ஒன்றரை நிமிடம் முந்திய குரவை

1. "சுத்துது"

கல்முனைக்குடியில் வீடு வீடாகப் போய்க் கொம்பியூட்டர் திருத்தத் தொடங்கி இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என்னைப் போல் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் விதவிதமான முறைப்பாடுகள் வரும். வைரஸ் என்பார்கள், ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்பார்கள். இப்போது ஊர் முழுக்க ஒரே சொல்தான்: "சுத்துது." வீடியோ ஓடாமல் நடுவில் வட்டம் ஒன்று சுற்றுகிறதாம். கொம்பியூட்டர் பழுது என்று தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் எனக்குக் கோல் எடுப்பார்கள். போய்ப் பார்த்தால் ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். கடற்காற்றுக்குத் துருப்பிடித்துவிடுமாம். பூட்டின அலுமாரிக்குள்ளிருந்து சிக்னல் எப்படி வரும் என்று கேட்டால், "லைட் எரியுதுதானே" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். யா அல்லாஹ், இவர்களிடம் என்னத்தைக் கதைப்பது?

ஆனால் இங்கே நான் சொல்லப்போவது அடுத்தவர் பிழையை மட்டுமல்ல. எனக்கு அண்ணன் மாதிரியான லத்தீப் காக்காவின் மகள் சிபானாவின் நிக்காஹ் நாளில் நான் விட்ட பிழைகளும் இதில் இருக்கின்றன.

2. ஆளில்லாத வீட்டில் ஒரு டெஸ்ட்

நிக்காஹ் பள்ளிவாசலில். ஆண்கள் அங்கே போவார்கள். பெண்களெல்லாம் மணப்பெண்ணோடு வீட்டில் இருப்பார்கள். இப்போது வீடியோக்காரர்கள் பள்ளியிலிருந்து நேரடியாக இன்டர்நெட்டில் விடுகிறார்கள் என்பதால், வீட்டுக் கொம்பியூட்டரில் அதைப் பார்க்க ஒழுங்கு செய்து தரும்படி மூன்று நாளுக்கு முன்னமே சிபானா என்னைக் கூப்பிட்டாள்.

"சாச்சா, ஒண்டு மட்டும் செல்றன்," என்றாள். "படம் எப்பிடிப் போனாலும் பறவாயில்ல. சத்தம் உடையாம வரணும்."

"ஏன் மகள், மாப்பிள்ளைட முகம் தெரியத் தேவையில்லையா?" என்று பகிடி விட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. லத்தீப் காக்காவுக்குப் போன வருடம் பாரிசவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவுக்குத் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் அரைகுறை.

"வருத்தம் வந்த பொறகு வாப்பாட வாயில என்ட பேரு வருகுதில்ல சாச்சா," என்றாள். "மகள், மகள் எண்டுதான் கூப்பிடுறார். நிக்காஹ்ல பேரச் செல்லித்தானே ஆகணும். விடிய சுபஹுத் தொழுகைக்குப் பொறகு பள்ளியில மௌலவியோட இருந்து பழகிட்டு வாறாராம். எனக்கிட்ட ஒருக்காச் செல்லிக் காட்டுங்க எண்டா, அண்டைக்குக் கேளு எண்டுறார்."

லத்தீப் காக்காவின் தம்பி, "நீங்க பேசாம இரிங்க, ஒங்களுக்குப் பதிலா நான் வக்கீலா இருந்து செல்றன்" என்று சொல்லிப் பார்த்தாராம். மார்க்கத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. லத்தீப் காக்கா அதற்குச் சொன்ன பதில் ஒரே பதில்தான்: "நான் இரிக்கன்தானே."

இவ்வளவையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு நான் செய்த வேலையைப் பாருங்கள். வீடியோவின் தரத்தை ஆகக் கூடியதில் வைத்தேன். படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தால்தானே ஆட்கள் நம்மைப் புகழ்வார்கள்? மார்க்கப் பயான் வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்திலும் தடங்கவில்லை. அப்போது வீட்டில் இருந்தது சிபானா, அவளுடைய உம்மா, சின்னம்மாவான சாச்சி ரமீசா என்று மூன்றே பேர். ரவுட்டரிலிருந்து கொம்பியூட்டருக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுகிறேன் என்றேன். புதிதாகப் பெயின்ற் அடித்த சுவரில் வயரா என்று உம்மா முகத்தைச் சுளித்தார். சரி, வைஃபையே போதும் என்று விட்டுவிட்டேன். கலியாண வீட்டை ஆளில்லாத நாளில் டெஸ்ட் பண்ணின மடையன் நான்.

3. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்

நிக்காஹ் அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வர போன் அடித்தது. ரமீசா.

"காக்கா, கெதியா வாங்க! சுத்துது!"

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனேன். வாசலில் கால் வைக்க இடமில்லாமல் பெண்களின் செருப்பு. ரவுட்டர் ஹோலில், ஷோகேசுக்கு மேலே. கொம்பியூட்டர் உள் அறையில். அறை நிறையப் பெண்கள். அறை வாசலில் திரைச்சீலை. அந்தப் பெண்களுக்கு நான் அந்நிய ஆண், உள்ளே போக முடியாது. நோயாளியைப் பார்க்காமலே மருந்து கொடுக்கிற நிலைமை எனக்கு.

"திரையில என்ன தெரியுது தங்கச்சி?"

"மௌலவி வாயத் தொறந்தபடியே நிக்கிறார்," என்றாள் ரமீசா உள்ளேயிருந்து.

"கீழ வலது பக்கம் பல்லு வச்ச சில்லு மாதிரி ஒண்டு இரிக்கும். அத அமத்துங்க."

"சில்லு ஒண்டும் இல்ல. பூ மாதிரி ஒண்டுதான் இரிக்கி."

"அதுதான்! அத அமத்துங்க!"

"அமத்தினன். எல்லாம் இங்கிலீசில வருகுது. இப்ப படமும் போய்த்து."

நெற்றியில் அடித்துக்கொண்டேன். இனி இவளை நம்பிப் பயனில்லை என்று என் லெப்டொப்பைக் கேபிளால் கொளுவி ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். எத்தனை பேர் வைஃபையில் தொங்குகிறார்கள் என்ற பட்டியல் வந்தது. நாற்பத்தொரு போன்.

"உள்ளுக்கு எத்தின பேர் போன்ல இத பாக்கிறீங்க?" என்று கத்தினேன்.

ரமீசா சொன்னாள்: "பின்னால இரிக்கிறவங்களுக்குக் கொம்பியூட்டர் மறைக்கிது காக்கா. அதனால அவங்கட அவங்கட போன்ல பாக்கிறாங்க."

"எந்த வைஃபையில?"

"ஊட்டு வைஃபையிலதான். வந்தவங்களுக்குப் பாஸ்வேர்ட் குடுக்காம இரிக்கேலுமா? பொறகு என்ன நினைப்பாங்க?"

உண்மைதான். எங்கள் பக்கத்தில் இப்போது விருந்தாளிக்கு முதலில் சர்பத், அடுத்தது பாஸ்வேர்ட். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் போயிருந்தது. ஒரே நிக்காஹை நாற்பத்தொரு பேர் தனித்தனியாக இழுத்தால் எந்த ரவுட்டர் தாங்கும்?

"எல்லாரும் போன அமத்தி வைங்க!" என்றேன். யார் கேட்டார்கள்? ஒருத்தி மற்றவளைச் சொன்னாள். மற்றவள் தன்னுடையதில் நன்றாகத்தான் வருகிறது என்றாள். "கலியாண வீடியோவில பொறகு பாக்கலாம்தானே, ஏன் இவ்வளவு பதட்டம்?" என்று ரமீசாவே சொன்னாள்.

அப்போதுதான் சிபானாவின் குரல் வந்தது. "பொறகு எத்தின தரமும் பாக்கலாம் சாச்சி. முதல் தரம் கேக்கிறது ஒருக்காத்தான்."

அந்தப் பிள்ளை மூன்று நாளுக்கு முன்னமே கேட்டது அதைத்தானே.

4. பாஸ்வேர்ட்

பாஸ்வேர்டை மாற்றினேன். நாற்பத்தொன்றும் பொலபொலவென்று கழன்றன. கொம்பியூட்டரும் கழன்றது. அதில் மட்டும் புதியதை அடிக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரைக்கு வெளியே நின்று, பாங்கு சொல்கிற குரலில், புதிய பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகக் கத்திச் சொன்னேன்.

அரை நிமிடம் போகவில்லை. பட்டியலில் முப்பத்தாறு போன் திரும்பவும் ஏறிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு கிழவி துஆச் செய்கிறார்: "அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும் மகன், எனக்கும் வந்திட்டு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டாம் தரம் மாற்றினேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. கடதாசித் துண்டில் எழுதித் திரைச்சீலைக்குக் கீழால் நீட்டினேன். முழங்கை வரை மருதோன்றி போட்ட கை ஒன்று அதை வாங்கியது.

"நானே அடிக்கிறன் சாச்சா," என்றாள் சிபானா. பெண்ணாய் அலங்கரித்து உட்கார வைத்தவள் எழும்பலாமா என்று இரண்டு மூன்று பேர் உறுக்கினார்கள். அவள் அதற்குள் எழும்பிவிட்டிருந்தாள். அந்தப் பூவையும் அவளே அமத்தித் தரத்தைக் குறைத்தாள். வட்டம் நின்றது. மௌலவியின் குத்பாப் பிரசங்கம் உடையாமல் கணீரென்று வெளியே வரைக்கும் கேட்டது. பட்டியலில் இப்போது ஒரே ஒரு பெயர்.

நான் என் போனில், சொந்த டேட்டாவில், அதே ஒளிபரப்பைத் திறந்து பார்த்தேன். அதில் குத்பா முடிந்து பதிவாளர் கடதாசிகளைப் பிரட்டிக்கொண்டிருந்தார். கொம்பியூட்டர் நின்று நின்று ஓடியதால், நின்ற நேரமெல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடம் பிந்திப் போயிருந்தது. ஒரு பொத்தானை அமத்தினால் தற்போதைய இடத்துக்குத் தாவும். ஆனால் தாவும்போது திரும்பச் சுற்றத் தொடங்கினால்? ஓடுவதைத் தொடாதே என்பது இந்தத் தொழிலில் நான் பட்டுப் படித்தது. தொடவில்லை. என் போனையும் அமத்தினேன்.

அது சரியான முடிவுதான். பிந்தி ஓடுகிறது என்று உள்ளே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் பிழை.

5. எழுதிக்கொள்ளுங்கள்

ஆகவே பிள்ளைகளே, கலியாண வீட்டுக்கு வேலைக்குப் போனால் கேபிளை இழுங்கள், பெயின்ற் போனால் போகட்டும். விருந்தாளி போனுக்கு வேறு வைஃபைப் பெயர் போட்டுப் பூட்டுங்கள். பாஸ்வேர்டை ஒருநாளும் கத்தாதீர்கள். நேரடி ஒளிபரப்பு என்று பெயர் இருந்தாலும் அது கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்பதை வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் முதலிலேயே சொல்லி வையுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், ஒரு பிள்ளை தனக்கு என்ன தேவை என்று சொல்லும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை. அதனால் நடந்தது இது.

மௌலவி, "வலியானவர், பெண்ட வாப்பா, முன்னுக்கு வாங்க" என்று கூப்பிடுகிறார். அது கொம்பியூட்டரில். அந்த நேரம் பார்த்து ரமீசாவின் போன் அடித்தது. பள்ளியில் இருக்கும் அவளுடைய புருசன்.

"முடிஞ்சிட்டாம்! நிக்காஹ் முடிஞ்சிட்டாம்!" என்றாள்.

அவ்வளவுதான். குரவை எழும்பியது. எங்கள் பெண்கள் குரவை போட்டால் அடுத்த தெருவிலும் கதைக்க முடியாது. ஓட்டுக்குக் கீழே நாற்பது வாய்.

"முடியல்ல! இன்னும் முடியல்ல! நிப்பாட்டுங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஒங்களுக்கென்ன தெரியும்? பள்ளியில இருந்து போன் வந்திட்டு!" என்று ரமீசா திருப்பிக் கத்தினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் திரைச்சீலையைப் பிய்த்தெறிந்திருப்பேன். கை திரை வரைக்கும் போயும் விட்டது. உள்ளே அந்த மனுசன் வாயைத் திறக்கப்போகிறார், ஒருத்திக்கும் விளங்கவில்லை.

"வாய மூடுங்க எல்லாரும்!"

சிபானா. மணப்பெண் கத்தி அதற்கு முன்னர் நான் கேட்டதில்லை.

"என்ட வாப்பா இன்னும் செல்லல்ல!"

குரவை அறுந்தது. ஸ்பீக்கரில் மௌலவி மெதுவாக எடுத்துக் கொடுப்பது கேட்டது. பிறகு லத்தீப் காக்காவின் குரல், தடித்து, இழுத்து.

"என்ட... மகள்..."

அதோடு சத்தம் நின்றுவிட்டது.

நான் ரவுட்டரைப் பார்த்தேன். லைட்டுகள் எரிய வேண்டியபடி எரிந்துகொண்டிருந்தன. லெப்டொப்பைப் பார்த்தேன். ஒரே பெயர்தான். ஒரு கோளாறும் இல்லை. பிறகு ஏன் சத்தம் இல்லை?

"மறுகாவும் சுத்துதா?" என்று ரமீசா ரகசியக் குரலில் கேட்டாள்.

"இல்ல சாச்சி," என்றாள் சிபானா. "வாப்பா தேடுறார்."

அறையில் ஒரு வளையல்கூட அசையவில்லை. நான் ஷோகேசைப் பிடித்துக்கொண்டு, அல்லாஹ்வே, அல்லாஹ்வே என்று நின்றேன்.

"சி..." என்றார் லத்தீப் காக்கா. மூச்சு எடுத்தார். "சி... பா... னாவ. சிபானாவ ஒங்களுக்கு நிக்காஹ் செஞ்சி தந்தன்."

பெயரை இரண்டாம் தரம் சொன்னபோது ஒரு தடங்கலும் இல்லை. நான் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னது என் காதில் சரியாக விழவும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் குரவை போடவில்லை. திட்டு வாங்கினவர்கள், இனி என்ன செய்வதென்று பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

சிபானா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"இப்ப போடுங்க குரவைய."